குடும்பி அவிழ்ந்த முகூர்த்தம்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, அக்காவைப் பற்றி அழுதழுது எழுத எனக்கு வரவில்லை. அவரை நினைத்தாலே இடியும் ஓட்டமும் கூச்சலும்தான் நினைவுக்கு வருகின்றன. அவர் அப்படித்தான் வாழ்ந்தார்!

அக்கா கிரானில் பிறந்தார், கிரானிலேயே கண்மூடினார். எங்கள் வீட்டு வளவில் நின்று மேற்கே பார்த்தால் வயல்வட்டைக்கு அப்பால் குடும்பிமலை தெரியும். உச்சியில், தலைமயிரைக் குடும்பியாக முடிந்துவிட்டது போல ஒரு பாறை. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அடித்த பெரிய சூறாவளியில் சுவர் விழுந்து அம்மா எங்களை விட்டுப் போனார். அன்று காலையிலேயே வானம் ஒரு மாதிரியாகத்தான் இருந்ததாம். ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அதன் பிறகு அக்காதான் எனக்கு அம்மா. வானத்துக்கும் அவரே காவல்.

சித்திரை வெயில் கொளுத்தும் பின்னேரங்களில் மேற்கு கறுத்து, மலையுச்சியை முகில் மறைத்தால் போதும். "குடும்பி அவிழ்ந்திட்டு! ஓடுங்க!" என்று கத்துவார். காயப்போட்ட நெல், உடுப்பு, கோழி, நான், எல்லாம் வீட்டுக்குள். பல தடவை ஒரு தூறலும் விழாது. "என்னகா, இண்டைக்கும் குடும்பியா?" என்று அயலவர்கள் கேலி செய்வார்கள். "நனையாம இருந்தா உங்களுக்கு எங்க நோகுது?" என்று திருப்பிக் கேட்பார். ஆனால் வந்த நாளில் வந்த மழை இருக்கிறதே, அம்மாளே! தகரம் பறந்தது, தென்னை இடி விழுந்து எரிந்தது, வாவியில் தோணிகள் கவிழ்ந்தன. மார்கழி வெள்ளம் யன்னல்வரை ஏறியபோதும் என்னைத் தோளில் தூக்கிக் கரைசேர்த்தவர் அக்காதான்.

என் கல்யாணத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து லீவில் வந்ததால் சித்திரைக் கடைசியில் நாள் வைத்தார்கள். மத்தியானம் கழிந்த முகூர்த்தம். வளவு நிறையப் பந்தல், பந்தல் நிறையச் சனம். குருக்கள் ஐயா மந்திரம் சொல்லித் தாலித்தட்டை எடுக்கிறார். அப்போது அக்காவின் குரல்:

"குடும்பி அவிழ்ந்திட்டு!"

ஐயாவின் கை சட்டென்று தன் தலைக்குப் போனது. தடவிப் பார்த்தார். அவருடைய குடும்பி பத்திரமாகத்தான் இருந்தது. பந்தலே சிரித்தது. மாப்பிள்ளையின் தகப்பன், என் மாமா, மட்டும் சிரிக்கவில்லை.

"முகூர்த்தத்தில மணவறைய விட்டு எழும்புறதா? எழும்பினா நாங்க இப்பிடியே வீட்ட போயிருவம்" என்றார்.

எனக்கு உயிரே போயிற்று. "அக்கா, சும்மா இரிங்க! என்ட கல்யாணத்தக் குழப்பாதீங்க!" என்று அழுதேன்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "தாலிய உள்ளுக்க வச்சிக் கட்டலாம் கிளி. காத்துக்கு நான் அம்மாவக் குடுத்தது போதும்." மாமாவைப் பார்த்து, "கோவிக்கிறதெண்டா உள்ளுக்க வந்து கோவியுங்க!" என்றார்.

முதலில் எழும்பியவர் மாப்பிள்ளை. அவர் எழும்பவும் சனமும் முணுமுணுத்துக்கொண்டே எழும்பியது. கடைசி ஆள் படியேறினாரோ இல்லையோ, அடித்தது பாருங்கள் ஒரு காற்று! பந்தலைப் பிடுங்கிக்கொண்டு போனது. நான் எழும்பி வந்த மணவறைமேல் மரம் சாய்ந்தது. நெல்மூட்டைகளுக்கு நடுவில், ஐயா இடியைவிடச் சத்தமாக மந்திரம் சொல்ல, ஒழுகிய கூரைக்குக் கீழே மாமா குடை பிடிக்க, எனக்குத் தாலி ஏறியது. அந்த மாமா பிறகு ஒவ்வொரு சித்திரையும் அக்காவுக்குப் போன் எடுத்து, "புள்ள, குடும்பி எப்பிடி?" என்று கேட்பார்.

நோயில் கிடந்த கடைசி நாட்களில் கட்டிலை மேற்கு யன்னலோரம் போடச் சொன்னார். பார்வை மங்கிய பிறகும், "குடும்பி இருக்கா கிளி?" என்பார். "இறுக்கி முடிஞ்சிருக்கு அக்கா" என்பேன். அப்படிச் சொன்ன ஒரு தெளிந்த காலையில்தான் அவர் மூச்சு அடங்கியது.

அக்காவைத் தாங்கிய வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், சாப்பாடு தந்த அயலவர்களுக்கும், கேட்காமலே கதிரையும் கொட்டகையும் ஏற்றிவந்த பக்கத்து ஊரான ஓட்டமாவடியின் முஸ்லிம் சகோதரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொரு நன்றியும் உண்டு. அக்காவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று பின்னேரம் நீங்கள் கொட்டகையில் பந்தியில் இருந்தீர்கள். மேற்கே பார்த்தேன், மலையுச்சியைக் காணவில்லை. கத்துவதற்கு அக்கா இல்லை. அடுத்த நொடி, "குடும்பி அவிழ்ந்திட்டு!" என்று நானே கத்தினேன். சோற்று இலையோடு அத்தனை பேரும் எழும்பி வீட்டுக்குள் ஓடினீர்கள். துக்கம் விசாரிக்க வந்திருந்த என் கல்யாணத்து ஐயாதான் முன்னுக்கு ஓடினார், தலையில் கையை வைத்தபடி!

அன்று ஒரு துளி மழையும் விழவில்லை. ஏன் எழுப்பினாய் என்று உங்களில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.