பின்பெட்டியில் ஏறிய பலாப்பழங்கள்

விமானத்தின் வாலைத் தூக்க முடியவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின ஒரு சாரல் காலம். மேலகரத்தை அடுத்த மேட்டுத் தரிசில் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று வந்து இறங்கியிருந்தது. இன்டர்மீடியட் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த நான் ஓடிப்போய் எடை பார்க்கும் வேலையில் சேர்ந்துகொண்டேன். தராசு, அரிசி மில்லில் இரவல் வாங்கிய மூட்டைத் தராசு. பயணி முன் இருக்கை, பைலட் பின் இருக்கை, அவர் முதுகுக்குப் பின்னால் சாமான் பெட்டி. அதில் முப்பது ராத்தல், இன்றைய கணக்கில் பதினாலு கிலோதான் வைக்கலாம். கூடினால் வால் கனத்து மூக்கு மேலே போகும்; போன மூக்கை இறக்குவது கஷ்டம். இதைச் சொல்லிக்கொடுத்த பைலட்டை நாங்கள் கேப்டன் என்போம். முந்தின நாள் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்க மறந்ததற்கு, "இன்னொரு தப்பு வந்தா வீட்டுக்குப் போயிடு தம்பி" என்று சொல்லியிருந்தார்.

அன்றைய பயணி அச்சன்புதூர் ஜவுளி வியாபாரி காசிம் ராவுத்தர். மதுரையில் அவர் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அவரையும் தோல்பையையும் எடை போட்டு, எடைச் சீட்டில் கையெழுத்திட்டுக் கேப்டனிடம் கொடுத்தேன். பிறகு குறுக்கே வந்த மாடுகளை விரட்டப் போனேன். பெட்டியைப் பூட்டவில்லை.

வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் ஒரு வண்டி. பிள்ளை பார்க்கப் போகிறவரை யார் வெறுங்கையோடு அனுப்புவார்கள்?

காற்றுக்கு எதிராக விமானத்தைத் திருப்ப, எப்போதும் நான் ஒருவனே வாலைத் தூக்குவேன். அன்று அசையவில்லை. ராவுத்தரின் மைத்துனரையும் இன்னொருவரையும் கூப்பிட்டு மூன்று பேராகத் திருப்பினோம். கேப்டன் கவனிக்கவில்லை. என் எடைச் சீட்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை போகாது. எஞ்சினைக் கிளப்ப முன்னால் போய் மூக்கிலிருந்த விசிறியில் கைவைத்தேன். ஒரு சுழற்று, அவ்வளவுதான். கை வரவில்லை.

"கேப்டன், இறங்குங்க. என் சீட்டு தப்பு."

பெட்டியைத் திறந்தால் இரண்டு பலாப்பழம், ஒரு டின் தேன், தொட்டில் சங்கிலி.

ராவுத்தர் இருக்கையில் இருந்தபடியே கேட்டார். "ஏலே, பழத்த விட நான் கனமில்லா? என்னைய மட்டும் ஏத்துதிய?"

"முதலாளி, நீங்க உக்கார வேண்டிய எடத்துல உக்காந்திருக்கிய. பழம் வால்கிட்ட உக்காந்திருக்கு."

மைத்துனர் முறைத்தார். "குடுத்தத திருப்பி வாங்குத பழக்கம் எங்க வீட்டுல கெடையாது."

யாரும் வாங்கவில்லை. பழங்கள் புல்லில் கிடந்தன. கடைசியில் ராவுத்தரே இறங்கி வந்தார். "இங்கனயே வெட்டுங்கலே. பேரன் பேரச் சொல்லித் தின்னுங்க."

வெட்டினார்கள். மாடு மேய்த்தவர்கள்கூட வந்து தேனில் தொட்டுத் தின்றார்கள். சங்கிலியைத் தோல்பையோடு சேர்த்து நிறுத்தேன், இருபத்தெட்டு ராத்தல். பெட்டியைப் பூட்டினேன்.

கேப்டன் ஒரு சுளையை மென்றுகொண்டே பழைய சீட்டைக் கிழித்தார். "நேத்து கட்டைய நான் பாத்துச் சொன்னேன். இன்னிக்கு நீயா வந்து சொன்ன. புதுசா எழுது."

அரை மணி தாமதம். வால் லேசாக எழும்பியது, ஒருவனே திருப்பினேன்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். பெட்டியை மூடிப் பூட்டி, சாவி கைக்கு வந்த பிறகு பேனாவைத் திறவுங்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டால் உடனே போய்ச் சொல்லிவிடுங்கள். திட்டு விழும். விழட்டும், அது தரையில் நிற்கும்போதுதானே விழுகிறது.