பதினோரு நொடி

போன வாரம் மகள் தன் எக்ஸ்டர்னல் டிரைவை என் கணினியில் செருகினாள். டிக், டிக் என்று பல்லி சொல்வதுபோல ஒரு சத்தம். "முன்பக்கப் போர்ட்டில் போடாதே, பின்னால் போடு" என்று நான் கத்தியது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

பின்பக்கம் மின்சாரம் சீராக வரும். இதை நான் கற்றது 2012-இல், ஒரகடம் கூட்டுரோட்டில் பிரவுசிங் சென்டர் நடத்தியபோது. பெரிதாக நினைத்துவிடாதீர்கள், நாலு கணினி, அதில் ஒன்று எப்போதும் பிணம். கீழே பிரியாணிக் கடை. இப்போதும் பட்டை, கிராம்பு வாசனை வந்தால் யாருக்காவது பயோடேட்டா அடித்துக்கொடுக்கத் தோன்றுகிறது.

அந்த வாசனைக்குள்தான் இசக்கி வந்தான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். பக்கத்துக் கம்பெனியில், தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினில் வலதுகையின் நான்கு விரல்கள் போயிருந்தன. கூட வந்தது பக்கத்து ஊரான மண்ணூரைச் சேர்ந்த குமார். அதே லைனில் வேலை. தினமும் பைக்கில் அழைத்துவந்து, காத்திருந்து, கூட்டிப்போவான்.

மெஷினின் பாதுகாப்புக் கதவைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார்கள் என்பது இசக்கியின் கட்சி. ஆட்கள் ஓடிவந்தபோது கதவு மாட்டித்தான் இருந்தது, அவனாகக் கையை விட்டான் என்பது கம்பெனியின் கட்சி. இழப்பீடு இதில் நின்றது. செக்யூரிட்டி ஒருவர் கேமராப் பதிவை ரகசியமாக ஒரு எக்ஸ்டர்னல் டிரைவில் ஏற்றி இசக்கியிடம் தந்திருந்தார். கம்பெனியிலிருந்த பதிவு அதற்குள் தானாக அழிந்துவிட்டது.

டிரைவ் திரையில் வரும், போகும். கேபிளை மாற்றினேன், நடுவிலிருந்த யுஎஸ்பி ஹப்பைக் கழற்றினேன், பின்னால் செருகினேன். காணாமல் போவது நின்றது. ஆனால் படம் ஒரே இடத்தில் உறைந்தது: கதவில்லாத மெஷின், முன்னால் இசக்கி, வலதுகை முழுசாக. எத்தனை முறை ஓட்டினாலும் அதே நொடி. இசக்கி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, திரையிலிருந்த கையையே பார்ப்பான்.

"இதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்கும் நெனப்பில்ல அண்ணாச்சி. நானும் அங்கனயே நின்னுட்டேன்."

"இன்னாண்ணா, மிச்சம் வருமா, வராதா?" என்று குமார் நச்சரிப்பான். நண்பன்மேல் என்ன அக்கறை என்று டைரியில் குறித்திருக்கிறேன். ஆட்களை எடைபோடுவதில் என் திறமை அவ்வளவுதான்.

நாலாம் நாள் மதியம், கெட்டுப்போன இடத்தைத் தாவி நகலெடுக்கும் ஒரு மென்பொருள் கிடைத்தது. பதினோரு நொடி போய்விட்டது. பிறகு படம் ஓடியது, ஒலியில்லாமல். தரையில் கிடந்த இசக்கியைச் சுற்றிக் கூட்டம். மெஷினில் இப்போது கதவு இருந்தது. அதன் கடைசிக் கொக்கியை ஒருவன் நிதானமாக மாட்டிவிட்டுத் திரும்பினான்.

குமார்.

கீழே கரண்டிச் சத்தம் கேட்டது.

"ஆடிட்டுக்கு ஆள் வந்தா ஓடிப்போயி கதவ மாட்டுன்னு பழக்கி வச்சிட்டாங்கடா," என்றான் குமார், என் முதுகுக்குப் பின்னாலிருந்து. "எல்லாம் ஓடியாந்தாங்க. என் கை தானா கதவுக்குப் போச்சு. நீ கீழ கெடந்தத அப்புறந்தான் பாத்தேன்."

இசக்கி திரும்பிப் பார்க்கவில்லை. "கதவில்லாம இருக்கது மட்டும் போதும் அண்ணாச்சி. பொறத்தால உள்ளத அழிச்சிருங்க. ஏல, வண்டிய எடு."

அழித்தேன். பதிவின் முன்பாதி இசக்கிக்கு இழப்பீடு வாங்கிக்கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். கம்பெனி இருந்த இடத்தில் இன்று கிடங்கு. என் மாடியில் மொபைல் ரிப்பேர். பின்பாதி எங்கும் இல்லை. அவர்களையும் நான் மறுபடி பார்க்கவில்லை. அன்று ஜன்னலிலிருந்து பார்த்ததுதான் கடைசி: பின்னால் ஏறிய இசக்கி, தினமும்போலவே, கட்டுப்போட்ட கையைக் குமாரின் தோளில் வைத்தான். அந்தத் தோள் ஒருமுறை குலுங்கியது. இசக்கி கையை எடுக்கவில்லை.