பட்டாளத்துக்கு உப்புக் கொடுத்த சனம்

அமெரிக்க சரித்திரத்தை நான் கிணற்றடியைப் பார்த்தபடி பாடமாக்கினேன். அதனாலோ என்னவோ, இன்றைக்கும் அந்த நாட்டின் பெயரைக் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சவர்க்கார நுரை மிதக்கும் தண்ணீர்தான்.

எங்கள் வீடு திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தது. அப்பா வெள்ளைக்காரக் கடற்படையின் டொக்யாட்டில் கிளாக்கர். ஜப்பான்காரன் குண்டு போட்ட சித்திரையில் ஊரோடு ஊராக நாங்களும் வெருகலுக்கு ஓடி, மூன்று மாதம் சொந்தக்காரர் வீட்டில் ஒடுங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். வந்து பார்த்தால் சனத்தைவிடப் பட்டாளம் கூட. எங்கள் பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். கோயில் மடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் வகுப்பு நடந்தது.

அடுத்த வருஷம் அப்பாவின் கந்தோரில் ஒரு கடிதம் சுற்றி வந்தது. கடற்படை அதிகாரிகள் தங்குவதற்கு வீடுகளில் அறை தேவை, விருப்பமானவர்கள் கையெழுத்து வைக்கலாம் என்று அதில் இருந்தது. விருப்பமானவர்களாம்! வைக்காதவனுடைய பெயரும் துரையின் மேசைக்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பா முதல் ஆளாக வைத்தார். அம்மாவிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

ஒரு கிழமைக்குள் இரண்டு அதிகாரிகள் வந்து முன்னறைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். கூடத்தில் கிடந்த அப்பாவின் சாய்மனைக் கதிரையும் அவர்களுடையதாகியது. அம்மா சாமிப் படங்களைக் கழற்றிக் குசினித் தட்டில் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் குசினியோடு ஒட்டிச் சாய்ப்பாக இறக்கியிருந்த பத்திக்குள் பாயை விரித்தோம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை என்று எங்கள் சனம் சொல்லும். எங்கள் வீட்டில் ஊர்ப் பிடாரியே கதவைத் திறந்து விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் நின்றது.

கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். குடிக்கிற கிணற்றின் கட்டில் ஏறி நின்று எங்களில் ஒருவரும் குளிப்பதில்லை. தண்ணீரை அள்ளிக்கொண்டு தள்ளிப்போய்க் கல்லில் நின்றுதான் குளிப்போம். அவர்கள் கிணற்றுக்கட்டிலேயே நின்று, அரையில் ஒரு துண்டும் இல்லாமல், உடம்பு முழுக்கச் சவர்க்காரம் பூசி, அந்த வாளியையே திரும்பக் கிணற்றுக்குள் விட்டார்கள். பல் தீட்டிய வாயை உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே கொப்பளித்தார்கள். சீ! எழுதும்போதுகூட எனக்கு ஓங்காளம் வருகிறது. அம்மா நாலு வீடு தள்ளிப்போய்க் குடிதண்ணீர் சுமந்தார். அவர்களுடைய ஜீப் படலையைத் தாண்டும்வரை நான் பத்தியை விட்டு வெளியே வரமுடியாது.

அவர்கள் கூட்டிவந்த சமையல்காரன் எங்கள் விறகையே எரித்தான். ஒரு நாள் இறைச்சி வெட்டிய கையைக் கழுவாமல் எங்கள் உப்புச் சாடிக்குள் விட்டு அள்ளினான். அம்மா சாடியோடு கொண்டுபோய் வேலிக்கு வெளியே கொட்டினார். இறைச்சி தின்பது குறை என்று நான் சொல்லவில்லை. கிண்ணியாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு நெய் கொண்டுவரும் முஸ்லிம் காக்காவும் தின்கிறவர்தான். ஆனால் அவர் ஒரு செம்பு தண்ணீர் வேண்டுமென்றாலும் படலையில் நின்று கேட்டு வாங்கித்தான் குடிப்பார்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான சீனியர் சோதனை வந்தது. சரித்திரத்தில் நல்ல புள்ளியோடு சித்தி கிடைத்தால் யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சியும் விடுதியில் ஒரு கட்டிலும் உண்டு. கிடைக்காவிட்டால் பத்திதான். “இன்னொருக்கா எழுதவிட என்னாலை ஏலாது பிள்ளை” என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். விடுதியின் கிணற்றடியில் பெண்கள் மட்டும்தான் குளிப்பார்கள் என்று அங்கே படித்த ஒருத்தி சொல்லியிருந்தாள். எனக்கு அது போதும். அந்தக் கிணற்றை நினைத்துக்கொண்டே படித்தேன்.

பாடம், இங்கிலாந்து அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்த கதை. முத்திரை வரி, துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கொட்டியது, அதற்குப் பிறகு வந்த யுத்தம். சரித்திர ஆசிரியர் எல்லாவற்றுக்கும் இங்கிலீசில் விடை சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொள்வோம். பிறகு ஒரு காற்புள்ளி தவறாமல் பாடமாக்கி ஒப்புவிக்கவேண்டும். விளங்கவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கும் அந்தத் தொல்லை இல்லாதது வசதியாக இருந்தது.

அதில் ஒரு கேள்வி பட்டாளத்துக்கு இருப்பிடம் கொடுக்கும் சட்டத்தைப் பற்றியது. குடியேறிகள் அரசருடைய சேனைக்குத் தங்க இடமும் விறகும் மெழுகுதிரியும் உப்பும் வினாகிரியும் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அது நியாயமா? ஆசிரியருடைய விடை, நியாயம்தான். தங்களைக் காப்பாற்ற வந்த சேனைக்குச் செய்யும் சின்ன உதவியை நன்றிகெட்ட சனம் பெரிதாக்கிச் சண்டைக்கு வந்தது. இதை எழுதித் தந்துவிட்டு அவர் தமிழில் விளக்கமும் சொன்னார்.

“உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு நாங்கள் படிச்சிருக்கிறம். அந்தச் சனத்துக்கு அது தெரியேல்லை. அவ்வளவுதான். இதை அப்பிடியே எழுதுங்கோ. திருத்திறவன் சீமையிலை இருக்கிற வெள்ளைக்காரன்.”

வகுப்பு முழுவதும் தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பத்தி வாசலில் நின்று இந்த விடையைச் சத்தமாக ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அப்பாவின் கதிரையில் சாய்ந்திருந்த அதிகாரி ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார். என்னைக் கூப்பிட்டு, கொப்பியை வாங்கிப் பார்த்து, சிரித்தார். இரண்டு சொற்களுக்கு உச்சரிப்புத் திருத்தினார். பிறகு அப்பாவிடம், உம்முடைய மகள் விசுவாசமான பிள்ளை என்றார். அப்பா ஈ என்று இளித்தார். தன்னுடைய கதிரையில் இருக்கிறவனுக்கு முன்னால், தன்னுடைய வீட்டில், கையைக் கட்டிக்கொண்டு இளித்தார். எனக்கு அன்றைக்கு அருவருப்பு வரவில்லை என்பதுதான் பெரிய அருவருப்பு. உச்சரிப்புச் சரியாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

மற்ற நாள் மத்தியானம் அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாது அவருக்கு.

“இந்த ஒண்டையேதானே பிள்ளை எந்தநேரமும் சொல்லிக்கொண்டு நிக்கிறாய்? என்ன கதை அது? தமிழிலை சொல்லு பாப்பம்.”

சொன்னேன். தமிழில் சொல்லும்போதுதான் எனக்கே அது கதையாகக் கேட்டது. பட்டாளம் வந்தது, இடம் கேட்டது, விறகு, மெழுகுதிரி, உப்பு. அம்மாவின் கை நின்றுவிட்டது.

“விறகுமோ?”

“ஓம். சட்டம் அப்பிடி.”

“அதுகளிட்டைக் கேட்டே சட்டம் போட்டவங்கள்?”

“இல்லை.”

“பிறகு?”

“சண்டை பிடிச்சுத் துரத்திப்போட்டுதுகள்.”

“உன்ரை வாத்தியார் என்ன சொல்லுறார்?”

நன்றியில்லாத சனம் என்கிறார், உப்பிட்டவரை நினைக்கத் தெரியாத சனம் என்கிறார் என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“உப்புக் குடுத்தது ஆர்?”

நான் கொப்பியைத் தேடினேன்.

“அந்தச் சனமெல்லே குடுத்தது? பட்டாளமெல்லே திண்டது? அப்ப ஆர் ஆரை நினைக்கவேணும்?”

இவ்வளவு நாளாக இருபத்தைந்து பிள்ளைகளும் ஒரு ஆசிரியரும் அந்த விடையை வாய்க்குள் போட்டுக் குதப்பியிருக்கிறோம். ஒருவருக்கும் தட்டுப்படவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒரு நிமிஷத்தில் தட்டுப்பட்டது. “கேள்வி வந்தால் இதை எழுது” என்று சொல்லிவிட்டு மற்றப் பாதித் தேங்காயை எடுத்தார்.

கேள்வி வந்தது. சோதனை மண்டபத்தில் அதை இரண்டு தரம் வாசித்தேன். ஆசிரியருடைய விடை எனக்குத் தலைகீழாகத் தெரியும். அம்மாவின் விடையும் தெரியும். அதை இங்கிலீசில் எழுதவும் என்னால் முடிந்திருக்கும். எழுதத் தெரியாமல் விட்டேன் என்று ஒருவரும் எனக்காகச் சாக்குச் சொல்லவேண்டாம். யாழ்ப்பாணத்துக் கட்டிலை நினைத்தேன். திருத்தப்போகிறவனை நினைத்தேன். நன்றிகெட்ட சனம் என்று எழுதினேன். உள்ளதுக்கு மேலாக, அந்நாட்டார் கதவைத் தாமாகவே திறந்து விட்டிருக்கவேண்டும் என்று சொந்தமாகவும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை ஆசிரியர் தரவில்லை. அது என்னுடைய சொந்தச் சரக்கு.

தாள்கள் கப்பலில் சீமைக்குப் போய்த் திருத்தப்பட்டு வரவேண்டும். கப்பல் தாழ்ந்துபோகட்டும் என்று ஒரு நாள் நினைத்தேன். அதில் ஆட்களும் மற்றப் பிள்ளைகளுடைய தாள்களும் இருப்பது உறைத்தவுடன் வாயில் அடித்துக்கொண்டேன். கப்பல் பத்திரமாகப் போனது. மாதங்கள் கழித்துச் சோதனை மறுமொழி வந்தபோது சரித்திரத்தில் எனக்கு நல்ல சித்தி. அப்பா கடிதத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியது முன்னறைக்கு.

நான் குசினிக்குப் போனேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பிடித்தார்.

“அந்த உப்புக் கேள்வி வந்ததோ?”

“ஓம்.”

“என்ன எழுதினனீ?”

“நீங்கள் சொன்னதைத்தான் அம்மா எழுதினனான்” என்றேன்.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. தான் சொன்ன நியாயம் கப்பலேறிச் சீமைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்தார். “அப்ப அங்கை இருக்கிறவனுக்கு நியாயம் தெரிஞ்சிருக்கு. நாங்கள்தான் இவங்களைப் பிழையா நினைச்சிட்டம்” என்றார். இல்லை அம்மா, நீங்கள் பிழையாக நினைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அவர் இருந்த காலம் முழுவதும் வரவில்லை.

அன்று பின்னேரம் அம்மா பயற்றம் பணியாரம் சுட்டார். அந்த வீட்டில் அவர்கள் கேளாமல் எடுத்ததே தவிர, அம்மா தன் கையால் ஒரு துரும்பும் கொடுத்ததில்லை. ஒரு தட்டில் அடுக்கி என் கையில் தந்து, முன்னறைக்குக் கொண்டுபோய்க் குடு என்றார். கொண்டுபோனேன். அதிகாரி மூன்றைத் தின்றுவிட்டு, உன்னுடைய அம்மா நல்ல மனுஷி என்றார்.

வெறுந்தட்டோடு திரும்பி வந்தேன். அம்மா குசினி வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார்.

“சாப்பிட்டவையோ?”

“ஓம்” என்றேன். அதுவாவது பொய்யில்லை.