தண்ணீரில் அடிக்கும் கம்பு

கிழக்கிலங்கையின் வெருகலில் கதிரவேலைப் போல இத்தாலியை அறிந்தவர் யாருமில்லை. அறிந்தது ரோமாபுரியை அல்ல, ஒரு சின்ன ஆற்றை. அதன் பெயர் அவன் வாயில் நுழையாது. மலையில் பனி உருகிப் பிறந்து, கூழாங்கற்களின் மேல் ஓடி, கடலைக் காணாமலே பெரிய ஆறொன்றில் போய் விழுகிறது. மழைக்காலத்தில் பெரிய இரைச்சல், கோடையில் முழங்காலளவு தண்ணீர். கரையில் சாம்பல் நாரை நிற்கும். பூனையளவு எலி ஒன்று மஞ்சள் பல்லைக் காட்டிக்கொண்டு நீந்தும். ஒரு முழுக்குக்கும் காணாத தண்ணீரை ஆறென்று சொல்வதா என்று கதிரவேல் நக்கலடிப்பான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதைக் காணாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

காட்டுவது அவன் மனைவி கோணேஸ்வரி. அங்கே ஒரு வயதான பெண்மணியைப் பராமரிக்கப் போனவள். ஞாயிறுகளில் ஆற்றங்கரைக்கு வந்து வீடியோவில் அழைப்பாள். பிள்ளையில்லாத வீட்டில் கதைக்க வேறென்ன இருக்கிறது? நாரை வந்ததா, தண்ணீர் ஏறியதா என்று இருவரும் ஆற்றையே கதைத்தார்கள்.

வெருகலாற்றில் முதலை உண்டு. கம்பால் தண்ணீரை அடித்து, சற்று நின்று பார்த்துவிட்டுத்தான் எவரும் காலை வைப்பார்கள். போன புதிதில் கோணேஸ்வரி அங்கேயும் ஒரு கம்பை முறித்துத் தண்ணீரை அடித்தாளாம். அந்தப் பெண்மணி விழுந்து விழுந்து சிரித்தாராம். கதிரவேல் இதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். எங்கே போனாலும் அவள் வெருகல்காரிதான் என்று அவனுக்கு அவ்வளவு பெருமை, அவ்வளவு புளுகம்.

இந்த ஆவணித் திருவிழாவுக்கு ஒரேயடியாக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். போன வருடமும் சொன்னதுதான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று பக்கத்து வீட்டுக் குலசிங்கம் சொன்னதற்காக, அவரோடு கதைப்பதையே கதிரவேல் விட்டுவிட்டான். அவள் குளிக்கும் துறையில் முதலைக்குக் காவலாகப் போட்டிருந்த தடிவேலி உக்கிப்போயிருந்தது. காட்டில் தடி வெட்டி வந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று, தனியாளாகப் புதிதாக அடித்து முடித்தான். வேலியைக் காட்டி, எந்தத் திகதி வருகிறாய் என்று கேட்பதற்காக அந்த ஞாயிறு துறையிலேயே காத்திருந்தான்.

அழைப்பு வந்தது.

"இஞ்சேருங்கோ, மீன் கூட்டம் ஒண்டு வந்திருக்கு. காட்டுறன்" என்றபடி செருப்பைக் கழற்றினாள். கண்ணைத் தொலைபேசியிலிருந்து எடுக்காமல், தண்ணீரைத் திரும்பியும் பாராமல், பின்பக்கமாக முழங்கால் வரை இறங்கிவிட்டாள்.

கதிரவேல் பதறிக் கேட்டான்.

"கம்பு எங்கயப்பா?"

"என்ன கம்பு?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே அவளுக்கு நினைவில்லை. ஆற்றைப் பற்றிய பயம் அவளை விட்டுப் போயிருந்தது. அதோடு வெருகலும் போய்விட்டது என்று அவனுக்கு அந்த இடத்திலேயே விளங்கியது.

"ஒண்டுமில்ல. மீனைக் காட்டு" என்றான்.

காட்டினாள். முதுகில் புள்ளி விழுந்த, நல்ல வடிவான மீன்கள். அவன் வேலியைக் காட்டவில்லை. எந்தத் திகதி என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஏதாவது ஒரு திகதியைச் சொல்லியிருப்பாள்.