கால் எட்டாத வண்டி

நான் மண்பாதைக்கான எண்டூரோ பைக் வாங்கியபோது என் வீட்டுக்காரர் சிரித்தார். "காலே தரையில எட்டல. இதுல எங்கன போகப் போற?"

எடை குறைந்த வண்டிதான், ஆனால் உயரம். கல்லோ மேடோ பார்த்துத்தான் நிறுத்துவேன்.

நாங்கள் இருவரும் நாரணாபுரத்தில் ஆசிரியர்கள். இன்று காலை மழை விட்டதும் ஆளுக்கொரு வண்டியில் கிளம்பினோம். குறுக்குப் பாதையில் கரிசல் குழைந்து கிடந்தது. முன்னால் போன என் வீட்டுக்காரரின் கனத்த பைக்கில், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சேறு அப்பிச் சக்கரமே சுற்றவில்லை. குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார்.

என் மட்கார்டு நல்ல உயரம். சேறு தானாக உதிர்ந்தது.

"நில்லு, நில்லு!" என்று கைகாட்டினார்.

நின்றால் விழுவேன். நிற்கவில்லை.

செருப்பைக் கையில் பிடித்தபடி பட்டாசுக் கம்பெனிக்கு நடந்துகொண்டிருந்த பெண்கள் கத்தினார்கள்: "டீச்சர், சாரை விட்டுட்டுப் போறீகளே!"

"கால் எட்டலக்கா! அவருகிட்ட சொல்லிருங்க!"

முதல் மணி அடித்த பிறகு, முழங்கால்வரை சேற்றோடு பள்ளிக்கு வந்து சேர்ந்தார்.

"அவுககிட்ட என்னத்தச் சொன்ன? அம்புட்டுப் பேரும் 'என்ன சார், கால் எட்டலையா'ன்னு என்னையக் கேக்குறாக!"

வானம் இன்னும் கறுத்துத்தான் இருக்கிறது. அவருக்குக் கால் நன்றாகவே எட்டும். நாளைக்கு வண்டியை நிறுத்துவதற்காகவாவது பின்னால் ஏற்றிக்கொள்ளட்டுமா?