பதினோரு பஸ், ஒரு பொம்மை

என் சித்தி பள்ளிக்கூட பஸ்ஸில் உதவியாளராக இருபது வருஷம் வேலை பார்த்தவர். இப்போது பஸ் ஷெட்டிலேயே புது உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். மூன்று வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. காலையில் அவரோடு ஷெட்டுக்குக் கிளம்பிவிடுவேன்.

அவர் சொல்லிக்கொடுப்பதில் முக்கியமான பாடம் ஒன்றுதான். பிள்ளைகளை இறக்கிவிட்டு பஸ்ஸை நிறுத்தியதும், கடைசி சீட்டு வரை நடந்துபோய், ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே குனிந்து பார்க்க வேண்டும். வெயிலில் நிற்கிற மூடிய பஸ்ஸில் ஒரு குழந்தை தூங்கிப்போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இதற்கு ஒரு தாள் உண்டு. ‘எல்லா சீட்டும் பார்த்தாயிற்று’ என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வாரம் எல்லோரும் நடந்துபோய்ப் பார்ப்பார்கள். ஒரு மாதம் போனால் கால் நடக்காது, பேனாதான் நடக்கும். படிக்கட்டில் நின்று ஒரு பார்வை, ஒரு டிக்.

சித்தியும் ஒருமுறை அப்படி டிக் அடித்திருக்கிறார். மூக்குக்கண்ணாடியை பஸ்ஸிலேயே மறந்துவிட்டுப் போன டிரைவர் அதை எடுக்கத் திரும்பி வந்தபோது சீட்டுக்கு அடியில் முனகல் கேட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. “அவரு மட்டும் அந்தக் கண்ணாடிய மறக்காம இருந்திருந்தா...” என்று சித்தி பாதியிலேயே நிறுத்திவிடுவார். இதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பொம்மை விளையாட்டு. பழைய சீருடைத் துணியில் மூன்று பொம்மைகள் தைத்தார். சீட்டின் நிறமும் அதேதான், எளிதில் கண்ணுக்குப் படாது. தினமும் பதினோரு பஸ்ஸில் ஏதோ ஒன்றில் ஒரு பொம்மை இருக்கும். எதில் என்று ஒளித்துவைக்கும் சித்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. தன் பஸ்ஸில் இருந்தும் கோட்டை விட்டவர், மத்தியான சாப்பாடு முடியும்வரை பொம்மையைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் இரண்டே வாரத்தில் நாலு முறை தோளில் சுமந்தார். ஆள் ஆறடிக்கு மேல், பட்டப்பெயர் மலை.

“அக்கா, என் பஸ்ல மட்டும் வேணும்னே வைக்கிறீங்க!”

“குனியாத ஆளு பஸ்லதான்பா வைக்கணும்.”

“என் இடுப்பு என்ன கதவுக் கீலா, நெனச்சப்பெல்லாம் மடங்க?”

ஷெட் மேலாளருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை சித்தியைக் கூப்பிட்டார். “இது வேலை பாக்குற இடமா, மழலையர் பள்ளியாம்மா? தலைமை அலுவலகத்துல வீடியோ பாடம் அனுப்பியிருக்காங்க. பத்துக் கேள்வி, பதில் சொன்னா சான்றிதழ். திங்கள்லேருந்து பொம்மை வேண்டாம்.” மூன்று பொம்மைகளையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

திங்கள் மத்தியானம் எல்லோரும் கூடும்போது சொல்லிவிடுவதாகச் சித்தி ஒப்புக்கொண்டார். ஆனால் ஞாயிறு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. “விளையாட்டு போனா யாருடி குனிவாங்க?” என்று என்னிடம் நாலைந்து தடவை கேட்டிருப்பார்.

திங்கள் காலை ஒன்பதரைக்கு பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. நாங்கள் அலுவலக வாசலில் நின்றிருந்தோம். மலை தன் பஸ்ஸுக்குள் முட்டி போட்டுத் தவழ்வது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இன்னொரு முறை தோளில் சுமக்கக் கூடாதென்று வைராக்கியம் போலிருக்கிறது. இல்லாத பொம்மைக்கு இவ்வளவு பாடுபடுகிறாரே என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

சற்று நேரத்தில் படிக்கட்டில் இறங்கினார். கையில் ஒரு சின்னப் பெண். தலை கலைந்து, ஒரு காலில் மட்டும் ஷூ.

“அக்கா,” என்றார். “இன்னைக்குப் பொம்மை கொஞ்சம் கனமா இருக்கு.”

சித்தி ஓடிப்போய்க் குழந்தையை வாங்கினார். நெற்றி, கழுத்து, உள்ளங்கால் எல்லாம் தொட்டுப் பார்த்தார்.

“வண்டி நின்னு எவ்வளவு நேரமாச்சு?”

“நாலு நிமிஷம்க்கா. கடைசி சீட்டுக்கு அடியில, பைய மேல போட்டுக்கிட்டுத் தூங்கிட்டிருந்துச்சு.”

“பள்ளிக்கூடம் வந்துடுச்சா?” என்று குழந்தை கொட்டாவி விட்டது. சித்தி அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சத்தம் கேட்டு மேலாளர் வெளியே வந்தார். குழந்தையைப் பார்த்தார், ஒற்றை ஷூவைப் பார்த்தார். உள்ளே போய்ப் பள்ளிக்கும் பெற்றோருக்கும் போன் செய்தார். திரும்பி வந்தபோது கையில் மூன்று பொம்மைகளும் இருந்தன.

“நாளைக்கு எந்த பஸ்லம்மா வைக்கப் போறீங்க?”

“அத உங்ககிட்ட சொல்லிட்டா அப்புறம் என்ன சார் விளையாட்டு?”

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் பொம்மைகளைப் பூட்டிய கதை வெளியே வந்ததும் மலைதான் வழக்குத் தொடுத்தார்: பொம்மையைப் பூட்டி வைத்தவர்தான் இன்று தோற்றவர். யாரும் மறுக்கவில்லை. மேலாளர் தோளில் பொம்மையோடு, கழுத்தைத் திருப்பாமல் சாப்பிட்டு முடித்தார். சித்தி இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். அப்புறம் டிரைவரின் கண்ணாடிக் கதையை முதல் தடவையாக எல்லோருக்கும் சொன்னார், பாதியில் நிறுத்தாமல்.