ஆறு மணிப் பாதை

சனிக்கிழமை பிற்பகல் மூன்று பத்து. குருமன்வெளித் துறையில் நின்று பார்த்தபோது முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் குடை. மேற்குக் கரையிலிருந்து வந்துகொண்டிருந்த பாதையில், ஏழெட்டு மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே விரிந்திருந்தது. வெயில் இல்லை. மழையும் அப்போது தொடங்கியிருக்கவில்லை.

ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் இயந்திர மிதவையை இந்த ஊர்களில் பாதை என்கிறார்கள். வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம், எழுவான்கரை. மேற்கே, வயல் பக்கம், படுவான்கரை. எழுவான்கரைக் குருமன்வெளியிலிருந்து படுவான்கரை மண்டூருக்குப் போகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நான் மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை பஸ்ஸில் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் வந்திருந்தேன். டிக்கெட் நூற்று நாற்பது ரூபா.

குடையின் கீழ் இருந்தவர் பரமேஸ்வரி. அறுபதைத் தாண்டிய மெலிந்த பெண். கணவர் நல்லதம்பியின் முப்பத்தோராம் நாள் காரியம் அந்தப் புதன்கிழமைதான் முடிந்திருந்தது. குடை நல்லதம்பியுடையது. நான் பார்க்க வந்த உதைபந்தாட்டப் போட்டி அவர் நினைவாக நடப்பது.

நல்லதம்பி பிறந்தது குருமன்வெளியில். இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டோடு போய்விடுவது வழக்கம். அவரும் மண்டூருக்குப் போனார். அங்கே வயல் செய்தார், மாடு வளர்த்தார், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார். உதைபந்தாட்டக் கழகத்தை மட்டும் மாற்றவில்லை. குருமன்வெளி அணி சொந்த மைதானத்தில் ஆடிய நாளெல்லாம் வாவியைக் கடந்து வந்து, தெற்குக் கோல் கம்பத்தின் பின்னால் இந்தக் குடையோடு நின்று சத்தம் போட்டார்.

ஆனால் ஒரு போட்டியையும் அவர் முடியும்வரை பார்த்ததில்லை. கடைசிப் பாதை ஆறு மணிக்கு. அதை விட்டால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போக வேண்டும். இருட்டியபின் அந்த வழியில் யானை வரும். எனவே ஐந்து ஐம்பதுக்குக் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிடுவார்.

“குடை போகுது எண்டா ஆட்டம் முடியப் போகுது எண்டு எல்லாருக்கும் தெரியும். நடுவரே மணிக்கூட்டப் பாக்கமாட்டார்” என்றார் கழகச் செயலாளர் இரவி. நாற்பது வயதுக்காரர். நல்லதம்பியைப் பெரியப்பா என்று கூப்பிட்டவர்.

பரமேஸ்வரி அதுவரை ஒரு போட்டிக்கும் வந்ததில்லை. காரியத்துக்குப் போன இரவியிடம் ஒன்று கேட்டிருந்தார்: நல்லதம்பி ஒருநாளும் பார்க்காத முடிவைத் தான் ஒரு தரம் பார்க்க வேண்டும். அதற்காக, வழக்கமாக நாலரைக்குத் தொடங்கும் ஆட்டத்தை நாலு மணிக்கு வைத்தார்கள். எதிரணி மண்டூர். அதுவும் அவர் கேட்டதுதான்.

நாலு மணிக்கு மழை கொட்டியது. மைதானத்தோரத் தகரக் கொட்டகைக்குள் எல்லோரும் ஒதுங்கினோம்.

“பெரியப்பா மேல இருந்து வேலையக் காட்டுறார்” என்றார் இரவி.

“அவர் சொல்லி மழ கேக்குமா? வீட்டில ஆடே கேக்கிறல்ல” என்றார் பரமேஸ்வரி. ஈரக் குடையை உதறியபடி வானத்தைப் பார்த்தார். மறுகணம் இரவியின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலு நாற்பதுக்கு அணிகள் இறங்கின. ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தார்கள். அரை நிமிடம் போவதற்குள் பின்னாலிருந்து ஒருவர், “அந்த மனுசன் இவ்வளவு நேரம் வாய மூடி நான் கண்டதில்ல” என்றார். சிரிப்பு எழுந்து, தானாக அடங்கியது.

பரமேஸ்வரி தெற்குக் கோல் கம்பத்தின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். மண்டூர் இளைஞர்கள் எதிர்ப்புறத்திலிருந்து கத்தினார்கள்.

“மாமி, இஞ்சால வாங்க! நீங்க எங்கட ஊர்ப் பொம்புளை!”

“நாப்பது வருசம் அவரத் தனிய நிக்க வச்சிட்டு இப்பதான் கூப்பிடுறீங்களா? போய் ஆடுங்கடா!”

முதற்பாதியில் மண்டூர் ஒரு கோல் போட்டது. இடைவேளையை ஐந்து நிமிடமாகச் சுருக்கினார்கள். அதற்குப் பின் சேற்றில் வழுக்கிய பந்தைக் குருமன்வெளி உள்ளே தள்ளியது. ஒன்றுக்கு ஒன்று. பரமேஸ்வரி எழுந்து நின்று குடையைத் தலைக்குமேல் தூக்கினார். அது நல்லதம்பி செய்வது என்று பிறகு சொன்னார்கள்.

ஐந்து ஐம்பதுக்கு அவர் குடையை மடக்கினார். ஆட்டம் முடிய இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் பழக்கத்தில் “குடை போகுது” என்று உரத்துச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். இரவி ஓடி வந்தார்.

“இருங்க பெரியம்மா. பாதைய நிப்பாட்டச் சொல்லிக் கணேசனுக்கு போன் எடுக்கிறன்.”

“அவருக்கு ஒருநாள் நிப்பாட்டினதா?”

இரவி எடுத்த கைபேசியைக் கீழே இறக்கினார்.

“மறுகா எனக்கு என்னத்துக்கு? வீட்ட போற சனம் நிக்கும்.”

“அப்ப ஓட்டோவில பாலத்தால விடுறம். முடிவப் பாக்கோணும் எண்டுதானே வந்தீங்க?”

“ஓம் மகன். ஆனா அவர் போன வழியாலதான் போகோணும் போல கிடக்கு. இத விட்டுட்டுப் போறது எப்பிடி எண்டு நானும் பாக்கிறன்.”

எனக்கு அன்றிரவு மண்டூரில் தங்கல். அவரோடு நடந்தேன். துறைவரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்குப் பாதை புறப்பட்டது. ஓட்டுபவர் கணேசன், ஐம்பது வயதிருக்கும். வாவியின் நடுவில், ஆறு ஏழுக்கு, இயந்திரத்தை நிறுத்தினார். பாதை அலையில் மெதுவாக ஆடியது. ஏறியிருந்தவர்கள் யாரும் ஏனென்று கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

“துறையில காத்து நிக்கேலா, ஆறு மணிக்கு எடுக்கோணும். இது எல்லாருக்கும் உள்ள பாதை. அதால இஞ்ச நிப்பாட்டுவன், நல்லதம்பியண்ணன் காதக் குடுத்துக் கேப்பாரு. ஒருத்தரையும் போன் எடுக்க விடமாட்டாரு. வெண்டதாண்ணே எண்டு கேட்டா, வெண்டிட்டம் எண்டுவாரு. விடிஞ்சு விசாரிச்சா பாதி நாள் தோத்திருக்கும். ஆனா இந்தப் பாதையில அந்த மனுசன் ஒருநாளும் தோக்கல.”

நீர்க்காகங்கள் மேற்கே போயின. கணேசனின் சட்டைப்பையில் கைபேசி ஒளிர்ந்தது, அவர் எடுக்கவில்லை. ஆறு பதினாலுக்குக் கிழக்குக் கரையிலிருந்து சத்தம் எழுந்து, தண்ணீரின்மேல் நீளமாக வந்தது. எந்த ஊர்ச் சத்தம் என்று பிரித்தறிய முடியவில்லை.

“அக்கா, யாரு வெண்டது?” என்றார் கணேசன்.

பரமேஸ்வரி மடியில் குடையை வைத்து, சத்தம் முழுதாக ஓயும்வரை கேட்டார்.

“குருமன்வெளி” என்றார்.

கணேசன் இயந்திரத்தை முடுக்கினார். ஆறு இருபதுக்கு மண்டூரில் இறங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பாதையில் திரும்பினேன். இரவி துறையில் நின்றார். கடைசிக் கோல் மண்டூருடையது என்றார். ஆட்டம் இரண்டுக்கு ஒன்று.